நெஞ்சு வருத்தம் வந்தால் யோசிக்கத்தானே செய்வார்?

இதய நோய் கிளினிக்கில் இந்த மாதமும் அதே கதை. மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர். மாரடைப்பு வந்து, இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து, டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போனவர். பெரும்போகம் விதைத்தாயிற்று, மனுசன் வயல் பக்கமே போகவில்லை. சாப்பாடு பாதி, நித்திரை இல்லை, பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் பேச்சில்லை. கூட வந்த மகள் சொன்னார்: “அப்பாக்கு யோசின டொக்டர். நெஞ்சு வருத்தம் வந்தவங்க யோசிக்காம இருப்பாங்களா?”

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. யோசிப்பார்கள்தான், கவலைப்படுவார்கள்தான். முதல் சில நாட்கள் பயம், அழுகை, எரிச்சல் எல்லாம் வரும், மெல்லக் குறையும். ஆனால் இரண்டு வாரமாக, பெரும்பாலான நேரம், எதிலும் விருப்பமில்லாமல் கிடந்தால் அதற்கு மனச்சோர்வு என்று பெயர். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு அது வருகிறது. காரணம் தெரிகிறது என்பதற்காக நோய் இல்லையென்று ஆகிவிடுமா? தென்னையிலிருந்து விழுந்தவருக்குக் கால் முறிவது இயல்புதான், அதற்காகக் கட்டுப்போடாமல் விடுகிறோமா?

இப்படி மனச்சோர்வும் சேர்ந்த இதய நோயாளிகளுக்கு மறுபடி மாரடைப்பு வருவதும் இறப்பதும் அதிகம். 2014இல் அமெரிக்க இதயச் சங்கமே மனச்சோர்வை ஓர் ஆபத்துக் காரணியாகக் கருதும்படி பரிந்துரைத்தது. உடம்புக்குள் நடக்கும் மாற்றங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிவது மருந்துப் பை. அந்த ஐயாவின் பையை மேசையில் கொட்டிப் பார்த்தேன். இரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரல் குளிசை உறை கொடுத்தபடியே மடிப்புக் கலையாமல் கிடந்தது. “குடிச்சு என்ன செய்ய?” என்றார். புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் கட்டிவிடலாம்.

ஆண்கள் கவலை என்று வாய் திறக்கவும் மாட்டார்கள், “ஏலாம கிடக்கு” என்பார்கள். இதயம் பலவீனமானாலும், இரத்தம் குறைந்தாலும் அப்படித்தான் இருக்கும். எது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை. நீங்கள் சொன்னால்தானே பார்க்கலாம்.

மனநல டொக்டரிடம் காட்டுவோம் என்றால் உடனே, “என்ன அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களா?” அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு இல்லை ஐயா. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கதைத்துச் செய்யும் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் குளிசையும் உண்டு. அதில் ஒன்றான சேர்ட்ரலின் மாரடைப்பு வந்தவர்களுக்கே கொடுத்துப் பரிசோதித்த மருந்து. ஆஸ்பிரினோடு சேரும்போது இரத்தக் கசிவு கூடலாம், அதனால் எடுக்கும் மருந்தெல்லாவற்றையும் இரண்டு டொக்டர்மாருக்கும் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வுக் குளிசையை வாங்கி நித்திரைக்குப் போடுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். இதயத் துடிப்பைக் குழப்பிவிடும்.

வீட்டுக்காரருக்கு: ஆளைக் கட்டிலிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தால் வாவிக்கரையிலோ வயல் வரம்பிலோ நீங்களும் கூட நடவுங்கள். “மனசத் தைரியமா வெச்சுக்கொள்ளுங்க” என்பதைத் தயவுசெய்து விடுங்கள், அந்தத் தைரியத்தைத்தானே நோய் தின்றிருக்கிறது. அதே நேரம், புதிதாக நெஞ்சு நொந்தால் “யோசினதான்” என்று தள்ளிப்போடாமல் அம்புலன்சுக்கு 1990க்கு எடுங்கள்.

“நான் இருந்து என்ன” என்று ஒரு தடவை சொன்னாலும் கிளினிக் திகதி வரை பொறுக்கவேண்டாம். ஆளைத் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், நடுச்சாமத்திலும் எடுக்கலாம்.