அடுத்து வரும் கம்ப்யூட்டரும் தெருமுனைக் கடைக் கடுகும்

2003 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோ மேடை ஒன்றில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வாக்குக் கொடுத்தார். அன்று அறிமுகமான பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர் 2 கிகாஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 200 கோடி துடிப்பில், ஓடியது. இன்னும் 12 மாதத்தில் 3 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிடுவோம் என்றார். சிப் செய்து தந்தது ஐபிஎம். இதைப் பேராசை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அதற்கு முந்தைய பத்து வருடமாகப் பெரும்பாலான ப்ராசஸர்கள் (கணக்குப் போடும் முக்கியச் சிப்) அப்படித்தான் ஏறி வந்திருந்தன.

12 மாதம் கழித்து வந்தது 2.5 கிகாஹெர்ட்ஸ். அதைக் குளிர வைக்கவே கார் ரேடியேட்டர் மாதிரி திரவம் ஓடும் குழாய்களைப் பெட்டிக்குள் வைக்க வேண்டியிருந்தது. ஜி5 கடைசிவரை 3-ஐத் தொடவில்லை. 2005 ஜூனில் அதே ஜாப்ஸ், இனி இன்டெல் சிப்தான் என்று அறிவித்தார். ஆனால் இன்டெல் வீட்டிலும் அதே இழவுதான்: 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிவிட்டு, 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டிருந்தார்கள்.

வரப்போகும் கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று லீக் செய்திகளை வைத்து ஆரூடம் சொல்வது எனக்கும் பிடித்த பொழுதுபோக்கு. இருபது வருடமாக அதில் ஏமாந்தும் வருகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டது இரண்டு: ஒரு சிப்பின் எதிர்காலத்தைச் சூடும் தூரமும்தான் முடிவு செய்கின்றன. கிகாஹெர்ட்ஸ், நானோமீட்டர், கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி) எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் சூடு. 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சிப்புக்குள் இருக்கும் குட்டி மின் சுவிட்சான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே இடத்தில் நிறைய டிரான்சிஸ்டர்களை அடைக்கலாம், அவற்றை வேகமாகவும் ஓட்டலாம், ஆனால் சதுர மில்லிமீட்டருக்கு வரும் சூடு மட்டும் ஏறாது. கேட்கவே நம்ப முடியாத சலுகை. முப்பது வருடம் தொழில் முழுவதும் இதை நம்பித்தான் பிழைத்தது.

பிறகு வோல்டேஜ் குறைய மறுத்தது. டிரான்சிஸ்டரை ஒரு தண்ணீர்க் குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வோல்டேஜில் திறக்க வேண்டுமென்றால் திருகைத் தளர்வாக வைக்க வேண்டும். தளர்வான திருகு மூடியிருக்கும்போதும் சொட்டும். ஒரு குழாய் சொட்டினால் பரவாயில்லை. கோடிக்கணக்கில் சொட்டினால் தொட்டி காலி. 2005 வாக்கில் சிப்புகள் இந்த நிலைக்கு வந்துவிட்டன. ஜாப்ஸின் வாக்கைக் கவிழ்த்தது இந்தச் சொட்டுதான்.

சிப் உண்ணும் மின்சாரம் வோல்டேஜின் இருபடியையும் வேகத்தையும் பெருக்கிய அளவில் ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்ட வோல்டேஜையும் 20 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், சூடு 1.2-இன் மும்மடி, அதாவது சுமார் 1.7 மடங்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சுவாரசியம் அங்கேதான். வேகம், வோல்டேஜ் இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் சூடு கிட்டத்தட்டப் பாதி. ஆக, ஒரு கோர் எரிக்கும் மின்சாரத்தில் சற்று மெதுவான இரண்டு கோர்களை ஓட்டி 1.6 மடங்கு வேலை வாங்கலாம். வேலையை இரண்டாகப் பிரிக்க முடிந்தால், என்ற நிபந்தனையோடு. ஒரு கோர் இருந்த இடத்தில் இரண்டு, நான்கு, எட்டு என்று ஆனது இப்படித்தான்.

சூடு பெட்டியின் உருவத்தையும் தீர்மானிக்கும். 2013-இல் வந்த ஆப்பிளின் மேக் ப்ரோ கறுப்பு உருளை, சுமார் 25 செ.மீ. உயரம். நடுவில் முக்கோண உலோகத் தண்டு, மூன்று பக்கத்திலும் சிப்புகள், மேலே ஒரே ஒரு ஃபேன். பார்க்க அழகு, ‘குப்பைத்தொட்டி’ என்று பட்டப்பெயரும் வாங்கியது. அதில் ஒரு பந்தயம் ஒளிந்திருந்தது: எதிர்காலத்தில் நடுத்தரமான இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள்தான் இருக்கும், மூன்று பக்கமும் சமமாகச் சுடும் என்பது. உலகம் ஒற்றைப் பெரிய கிராஃபிக்ஸ் சிப்பின் பக்கம் போய்விட்டது. அதை இந்த முக்கோணத்தில் பொருத்தினால் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். சூட்டு விஷயத்தில் நாங்களே எங்களை மூலையில் தள்ளிக்கொண்டோம் என்ற தொனியில், 2017-இல் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். 2019-இல் மேக் ப்ரோ பழையபடி நெட்டைப் பெட்டியாகத் திரும்பி வந்தது.

அந்த ஒற்றைப் பெரிய சிப் இன்று எங்கே நிற்கிறது? என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கும். நம் வீடுகளில் மேசைக்கடியில் கிடக்கும் 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியதே சுமார் 360 வாட்தான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி தூரம். என் கணிப்புகள் அதிகம் தப்பியது இதைக் கவனிக்காததால்தான்.

5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸருக்கு ஒரு துடிப்பு 0.2 நானோவினாடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 6 செ.மீ.தான் போகும். ஓடும் வேலைக்கான தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமிலிருந்து ஒரு எண்ணைக் கொண்டுவரச் சொன்னால் கைக்கு வந்து சேர சுமார் 80 நானோவினாடி, அதாவது 400 துடிப்பு. ஒரு துடிப்பை ஒரு வினாடியாக நீட்டிப் பார்த்தால் சமையலறையில் நடப்பதாகச் சொல்லலாம். அடுப்பருகே இருக்கும் அஞ்சறைப்பெட்டிதான் முதல் நிலை கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்): கைநீட்டி எடுக்க ஐந்து வினாடி. பின்கட்டு அலமாரி மூன்றாம் நிலை கேஷ்: ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ரேம் என்பது தெருமுனைக் கடை: போய்வர ஏழு நிமிடம். கோப்புகளை நிரந்தரமாக வைக்கும் எஸ்எஸ்டி வெளியூர், திரும்பி வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, கடுகு இல்லை. அடுப்பை எவ்வளவு பெரிதாக்கி என்ன?

அந்தத் தெருமுனைக் கடையைக் கட்டியவரும் டெனார்ட்தான். ஒரே டிரான்சிஸ்டரை வைத்து ஒரு பிட்டை (0 அல்லது 1) சேமிக்கும் டிரேம் அவர் கண்டுபிடித்தது. நம் ரேம் இந்த வகைதான். காப்புரிமை கிடைத்தது 1968-இல். விலை மலிவு, இடம் குறைவு. வேகம்தான் ப்ராசஸர் ஏறிய வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை.

சரி, அஞ்சறைப்பெட்டியையே பெரிதாக்கினால்? இடம் இல்லை. கேஷ் செய்யப் பயன்படும் எஸ்ரேம் அநேகமாகச் சுருங்குவதை நிறுத்திவிட்டது. பல நிறுவனங்களுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி-யின் 5 நானோமீட்டர் முறையிலும் அதற்கு அடுத்த 3 நானோமீட்டர் முறையின் என்3இ வகையிலும் ஒரு எஸ்ரேம் செல்லின் பரப்பு ஒன்றேதான்: 0.021 சதுர மைக்ரோமீட்டர். (3 நானோமீட்டர் என்பதே ஒரு வணிகப் பெயர். அந்தச் சிப்பில் அடுத்தடுத்த இரண்டு டிரான்சிஸ்டர் கேட்டுகளுக்கு (டிரான்சிஸ்டரின் ‘திருகு’) இடையே சுமார் 45 முதல் 50 நானோமீட்டர் இருக்கும்.) விலை உயர்ந்த புது முறையில் கேஷ் செய்வது, நகரத்தின் நடுவில் சென்ட் கணக்கில் நிலம் வாங்கி அதில் வைக்கோல்போர் போடுவது மாதிரி.

அதனால் இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி மாடி கட்டியது. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் ப்ராசஸர் சிப்பின் தலைமேல் தனியாக ஒரு கேஷ் சிப்பை ஒட்டினார்கள். 32 எம்பி-யாக இருந்த மூன்றாம் நிலை கேஷ் 96 எம்பி ஆனது. உச்ச வேகம் மாடியில்லாத அண்ணனைவிடக் குறைவு: 4.7-க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். அப்படியும் பல விளையாட்டுகளில் தம்பிதான் முந்தியது. கடைக்கு நடக்கும் நேரம் மிச்சமானதே காரணம். வேகம் குறைந்தது ஏன் என்றால் மறுபடியும் சூடு: மேலே கட்டிய மாடி, கீழே கொதிக்கும் கோர்களுக்கு மேல் போர்வையாகிவிட்டது. 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, கோர்களை மேலே, சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் ஹீட் சிங்க் பக்கம் கொண்டுவந்தார்கள். உச்ச வேகம் 5.2-க்கு ஏறியது. சமீப வருடங்களில் நான் பார்த்த மிக அழகான வடிவமைப்பு வேலை இது. லீக் செய்திகளில் இந்தத் தலைகீழ் மாற்றத்தைவிட மதிப்பெண் பட்டியலுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 2020-இல் எம்1 சிப்புடன் ரேமையும் ஒரே தட்டில், பக்கத்திலேயே வைத்தது. கடை பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டதே, இனி ஒரே எட்டுத்தான் என்று அப்போது நானும் நினைத்தேன். தப்பு. காத்திருக்கும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. அதில் பெரும்பகுதி கடைக்காரர் உள்ளே தேடி எடுக்கும் நேரம். மாறியது சாலையின் அகலம். சாதாரண டெஸ்க்டாப்பில் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே 128 பிட் அகலப் பாதை, அதாவது ஒரே நேரத்தில் 128 பிட் போகும். டிடிஆர்5-6000 ரேம் போட்டால் வினாடிக்கு 96 ஜிபி போகும். 2025-இல் எம்3 அல்ட்ராவுடன் வந்த மேக் ஸ்டுடியோவில் பாதை 1,024 பிட், வினாடிக்கு 819 ஜிபி.

இந்த அகலம் யாருக்கு வேண்டும்? முன்பு வீடியோ எடிட்டர்களுக்கு. இப்போது சாட்ஜிபிடி போலப் பதில் எழுதும் ஏஐ மொழி மாதிரியை வீட்டிலேயே ஓட்ட நினைக்கும் எல்லோருக்கும். வழக்கமான மாதிரி, பதிலில் ஒவ்வொரு துண்டுச் சொல்லை எழுதும்போதும் தன் எண்கள் முழுவதையும் ரேமிலிருந்து ஒருமுறை வாசித்தாக வேண்டும். மாதிரி 20 ஜிபி என்றால், வினாடிக்கு 120 ஜிபி போகும் பாதையுள்ள எம்4 மேக் மினியில் வினாடிக்கு அதிகபட்சம் ஆறு துண்டு. எம்3 அல்ட்ராவில் நாற்பது. கோர்களின் கிகாஹெர்ட்ஸ் இந்தக் கணக்கில் வரவே இல்லை. நான் இப்போது புதுச் சிப் செய்தி எதைப் பார்த்தாலும் தேடும் முதல் எண் இந்தப் பாதை அகலம்தான்.

ஆக என் ஆரூடம் இது. ஒற்றைக் கோரின் வேகம் அங்குலம் அங்குலமாகத்தான் ஏறும். 2 நானோமீட்டர் முறையில் முந்தைய தலைமுறையைவிட அதே மின்சாரத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் கூடுதல் வேகம் என்று டிஎஸ்எம்சி-யே சொல்கிறது. இரட்டிப்பு என்று யாராவது எழுதினால் எந்த வேலையில் என்று கேளுங்கள். மாடிக் கேஷ் பரவும். ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் அகலப் பாதையுள்ள ஒரே ரேமைப் பங்குபோடும் சின்னப் பெட்டிகள் ஒரு பக்கம், 500 வாட்டுக்கு மேல் தின்னும் கார்டுகளைச் சுமக்கும் யானைப் பெட்டிகள் மறுபக்கம் என்று டெஸ்க்டாப் இரண்டாகப் பிரியும். நடுவில் இருந்த நம் பழைய அஸெம்பிள் பெட்டி மெலியும்.

இதில் எனக்குச் சங்கடமான விஷயம், ரேமைக் கழற்றி மாட்டும் வசதி. ஒவ்வொரு சொருகு முனையிலும் சிக்னல் கொஞ்சம் எதிரொலித்துக் கெடும். தூரம் கூடக் கூட, அதைத் தள்ளவே மின்சாரம் அதிகம் வேண்டும். 128 கம்பிகளில் சமாளித்துவிடலாம். நூற்றுக்கணக்கில் என்றால் பற்றவைப்பதுதான் சுலபம். 2025-இல் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் தன் முதல் டெஸ்க்டாப்பை அறிவித்தது. யாரும் எதையும் கழற்றி மாற்றலாம் என்பதையே கொள்கையாக வைத்து லேப்டாப் விற்ற நிறுவனம். 256 பிட் பாதையுள்ள ஏஎம்டி சிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள், கழற்றக்கூடிய ரேம் சாத்தியமா என்று ஏஎம்டி-யிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏஎம்டி பொறியாளர்கள் முயன்று பார்த்துவிட்டு, அந்த வேகத்தில் சிக்னல் நிற்காது என்று கைவிரித்தார்கள். அந்தப் பெட்டியில் ரேம் போர்டோடு பற்றவைத்துத்தான் வருகிறது.