பிரேக் டிரம்முக்குப் பெயிண்ட்: எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கவே கூடாது

பழைய அம்பாசடரையோ ஃபியட்டையோ ஜீப்பையோ புதுப்பிக்கக் கொண்டுவருகிறவர்களுக்கு, சக்கரத்தைக் கழற்றியதும் துருவேறிய பிரேக் டிரம்தான் கண்ணை உறுத்தும். "அண்ணே, இதையும் பளபளன்னு அடிச்சு விட்ருங்க" என்பார்கள். கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. குமுளி, வண்டிப்பெரியாறு எஸ்டேட் பக்கத்து வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே மழை பிடித்துவிட்டால் டிரம் ஒரே ராத்திரியில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

அடிக்கலாம், தப்பில்லை. டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கிண்ணம்போன்ற சாம்பல்நிற வார்ப்பிரும்பு. வெளிப்பக்கம் மேலோட்டமாகத் துரு பிடித்தால் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. ஆகவே பெயிண்ட் அழகுக்குத்தான். அந்த அழகு போகக்கூடாத இடத்துக்குப் போவதுதான் வம்பு.

பிரேக் மிதித்ததும் விரிந்து டிரம்மை அழுத்துகிற ஷூ உரசும் உள்வட்டத்தில் அடிக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஸ்ப்ரே அடிக்கும்போது உள்ளே தூவிவிடுவார்கள். தின்னரும் எமரியும் போட்டு அதைச் சுத்தமாக எடுத்தபிறகுதான் டிரம்மை மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும்.

பலருக்குத் தெரியாத இடம் வேறு. டிரம் ஹப்பின்மேல் (சக்கரத்தைத் தாங்கிச் சுற்றும் நடுப்பகுதி) உட்காரும் முகமும், ரிம் டிரம்மின்மேல் உட்காரும் முகமும் வெறும் இரும்பாகவே இருக்க வேண்டும். வீல் நட்டை முறுக்கும்போது, அது ஏறும் மரை போட்ட ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபடுகிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் பெயிண்ட் படலம் இருந்தால், சூட்டில் இளகி நசுங்கிப் பிதுங்கிவிடும். படலம் மெலிந்த அளவுக்கு இழுவிசை குறையும், நட் லூசாகும். பவுடர் கோட்டிங்கில் இது இன்னும் மோசம், அதன் படலம் சாதாரண பெயிண்டைவிடத் தடிமன்.

எங்கோ நாலு டிரம்முக்கும் சிவப்பு எனாமல் அடித்து வாங்கிய ஒரு வண்டி குமுளியிலிருந்து இறங்கி வந்தது. லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் பின்சக்கரத்தில் கடக் கடக் என்று சத்தம். ஸ்பானரே வேண்டாம், நட்டுகளை விரலாலேயே சுற்ற முடிந்தது. ரிம்மை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் சிவப்புப் பெயிண்ட் தோல்போலச் சுருங்கி ஒதுங்கிக் கிடக்கிறது. ரிம்மில் நட் உட்காரும் சரிவிலும் அதே கதை. அடித்தவருக்குக் கை சுத்தம்தான், பெயிண்ட் ஓடி வழிந்த தடமே தெரியாத அழகான வேலை. மாஸ்கிங் டேப் ஒட்டத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்தது சூடு. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்குகிறவர் டாப் கியரில் போட்டுக்கொண்டு பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் டிரம் 200 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சாதாரண சிந்தெடிக் எனாமல் அந்தச் சூட்டில் பழுப்பேறி, நாற்றமடித்து, உரிந்துவிடும். சைலன்சருக்கும் புகைபோக்கிக்கும் அடிக்கும் சூடு தாங்கும் பெயிண்டுதான் சரி, அதுவும் மெல்லிசாக. சிலிக்கான் வகையாக இருந்தால் டின்னில் எழுதியுள்ளபடி சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் துணி பட்டாலே கையோடு வந்துவிடும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், பிரேக் ஆயிலைப்போலப் பெயிண்டைத் தின்பது வேறில்லை. புதுப்பிக்கும்போது அந்த ஆயிலையும் முழுசாக மாற்றிவிட வேண்டும். டாட் 3 என்ற ரகத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை இழுத்துவிட்டால் கொதிக்கும் சூடு 140 வரை இறங்கிவிடும். மலையில் பெடல் திடீரென்று பஞ்சாகப் போவது ஆயில் அப்படிக் கொதித்து ஆவியாவதால்தான்.

பெயிண்ட் சூட்டை உள்ளேயே அடைத்துவிடாதா என்று கேட்பார்கள். மெல்லிய படலத்தால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்துக்கொண்டு போனால்தான் சிக்கல். நிறம் அவரவர் இஷ்டம். என்னைக் கேட்டால் கறுப்பு. சிவப்பு டிரம் பைக் கடையில் நின்று பார்த்த ஆசை.

அடிப்பதற்கு முன் டிரம்மைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல டிரம் மணிபோல் ஒலித்து ஓயும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். அப்படிப்பட்டதைப் பெயிண்டால் மூடுவது கொலைக்குச் சமம், நேரே காயலான் கடைக்குப் போக வேண்டியது அது. டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருந்தால் அளந்து பாருங்கள். பலமுறை லேத்தில் கடைந்த டிரம் மெலிந்திருக்கும், மெலிந்தது சீக்கிரம் சூடேறும். பொறித்திருக்கும் அந்த விட்ட அளவைப் பெயிண்டில் புதைத்துவிடாதீர்கள். பேலன்ஸுக்காக ஒட்டவைத்த இரும்புத் துண்டை அசிங்கமாக இருக்கிறதென்று கிரைண்டரில் சீவுகிறவர்களும் உண்டு. அதற்கு நான் என்ன சொல்ல.

எங்கள் தொழிலில் இருப்பதிலேயே கெட்ட பழக்கம், டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை உள்ளே அடிப்பது. ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். உப்புத்தாள், வயர் பிரஷ் வேலையெல்லாம் அதற்குப் பிறகு, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு. வேலை பழகும் தம்பிகள் கைக்குட்டை கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது.

மாட்டியபிறகு வண்டியை 50, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிரம் ஆறியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரம் லெஃப்ட் த்ரெட், அதாவது நட் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாத பையன் இறுக்குவதாக நினைத்துக் கழற்றிக்கொண்டிருப்பான்.

இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். 50 வருஷம் கடந்து, 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டிக்கான 'வி.ஏ' எண் வாங்கியதை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கவும் முடியாது. கழுவி, ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அதனால் கழுவியதும் வண்டியை நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டி, மிதித்து, ஈரத்தைக் காயவையுங்கள். பிறகு கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொட வேண்டாம்.