ஜெனரேட்டர் இருந்தாலும் எமர்ஜென்சி லைட் ஏன் வேண்டும்?

"ஜெனரேட்டர்தான் இருக்கே, எமர்ஜென்சி லைட் எதுக்கு?" அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கல்யாண மண்டபங்களிலும் அடிக்கடி வரும் கேள்வி இது. மாடிப்படி விளக்குக்குப் போகும் வயர் கருகி, அந்த ஒரு எம்சிபி (கோளாறு வந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் விழுந்தால் கட்டடத்தில் கரன்ட் இருக்கும், படிக்கட்டு மட்டும் இருண்டு கிடக்கும். மெயின் கரன்ட் போகாததால் அப்போது ஜெனரேட்டர் கிளம்பவே கிளம்பாது. உள்ளேயே பேட்டரி உள்ள எமர்ஜென்சி லைட்தான் கைகொடுக்கும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. மாநிலக் கட்டட விதிகள் ஏற்கும்போது இது கட்டாயமாகிறது. வழக்கமான விளக்கு அணைந்த 5 வினாடிக்குள் வெளியேறும் வழியில் வெளிச்சம் வர வேண்டும். சின்னக் கட்டடமானாலும் 90 நிமிடம் எரிய வேண்டும். வழியின் நடுக்கோட்டில், தரைமட்டத்தில், வெளிச்சம் 10 லக்ஸுக்குக் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக் கூடாது. படிக்கட்டு, காரிடார் திரும்பும் இடம், வெளியேறும் கதவு, அதன் வெளிப்புறம், தீயணைப்புக் கருவி, அலாரம் பொத்தான் ஆகிய ஒவ்வொன்றின் அருகிலும் விளக்கு வேண்டும். அருகில் என்றால் 2 மீட்டருக்குள்.

இணைப்பில்தான் நிறையத் தப்பு நடக்கிறது. எமர்ஜென்சி ஃபிட்டிங்குக்கு அதே இடத்து விளக்கு சர்க்யூட்டிலிருந்தே லைன் எடுக்க வேண்டும், ஆனால் சுவிட்சுக்கு முன்னாலிருந்து. சுவிட்சுக்குப் பின்னால் எடுத்தால், ராத்திரி வாட்ச்மேன் விளக்கை அணைக்கும் போதெல்லாம் பேட்டரி வடியும். சில மாதத்தில் அது செத்துவிடும்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டு வராதீர்கள். விளக்கு எரிகிறதா என்றுதான் அது காட்டும், எவ்வளவு நேரம் தாங்கும் என்று காட்டாது. எம்சிபியை இறக்கி, மாடி மாடியாக நடந்து பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 90 நிமிடமும் எரியவிடுங்கள். பல ஃபிட்டிங் இருபதாவது நிமிடத்திலேயே மங்கிவிடும். சோதனைக்குப் பிறகு முழு சார்ஜ் ஏற ஒரு நாள் வரை ஆகலாம்; அதனால் எல்லா விளக்கையும் ஒரே நாளில் சோதிக்காமல், ஒன்று விட்டு ஒன்றாகச் செய்யுங்கள். மண்டபத்தில் முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் வேண்டவே வேண்டாம்.

மூடியைக் கழற்றினால் மீதியும் தெரியும். லெட் ஆசிட் பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, நிக்கல் கேட்மியம் செல் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். மொட்டை மாடிப் படிக்கட்டில் இருப்பதை முதலில் பாருங்கள், வெயில் சூட்டில் அங்கேதான் பேட்டரி சீக்கிரம் போகும். புதிதாகப் போடும்போது தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள்.