கார்செட்டும் கூர்முனைச் செருப்பும்: "அந்தக் காலத்தில் போடவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு

தொடை மரத்துப்போகிறது என்று இன்னொரு பெண் வந்தார். இருபதுகளில் இருப்பவர். வலது தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிகிறது, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறது, மாலையானால் இன்னும் அதிகம். முதுகில் டிஸ்க் விலகியிருக்குமோ என்று பயந்து ஸ்கேன் எடுத்திருக்கிறார். அதில் ஒன்றும் இல்லை என்றதும் பயம் கூடிப்போய், கடைசியில் பிசியோதெரபிக்கு என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். தினமும் என்ன உடை போடுகிறீர்கள் என்று கேட்டேன். சட்டைக்கு மேல் கார்செட், அதாவது உள்ளே குச்சி வைத்து நாடாவோ கொக்கியோ போட்டு இடுப்பை இறுக்கும் உடை; கீழே இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் தாழ்வான ஜீன்ஸ். காலையில் போட்டால் இரவில்தான் கழற்றுவாராம். கொஞ்ச நாள் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன்: "அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் இதைத்தானே போட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய பாணிகள் திரும்பி வருவதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. பஃப் கை, மார்புக்குக் கீழேயே இடுப்பு தொடங்கும் கவுன், கார்செட் வடிவ மேலாடை, எழுபதுகளின் பிளாட்ஃபார்ம் செருப்பு என்று போட்டுக்கொண்டு வருகிறவர்களை நானும் ரசித்துத்தான் பார்க்கிறேன். பழைய உடைகளின் வெட்டும் தையலும் அவ்வளவு அழகு. ஆனால் வடிவம் மட்டும்தான் வந்திருக்கிறது. அதை எப்படிப் போடுவது, உள்ளே என்ன போடுவது, எப்போது கழற்றுவது என்று அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்த எதுவும் கூட வரவில்லை.

"ஒன்றும் ஆகவில்லையே" என்பது முதலில் உண்மையே இல்லை.

14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கூர்முனைச் செருப்பு பெரிய மோகமாக இருந்தது. பூலேன் என்று பெயர். முனை நீண்டுகொண்டே போய், 1463இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டு முனை இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போடும் அளவுக்குப் போனது. அந்தக் கால்களுக்கு என்ன ஆனது என்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜிலும் சுற்றுப்புறத்திலும் புதைக்கப்பட்ட 177 பேரின் எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். கால் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்ந்து, பாதத்தின் ஓரத்தில் எலும்பு புடைத்துக்கொள்ளும் கோளாறு, நாங்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்போமே, அது 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. கூர்முனை வந்த பிறகு, 14, 15ஆம் நூற்றாண்டுகளில், 27 சதவீதம். கிராமத்து இடுகாட்டில் 3 சதவீதம் பேருக்கு இருந்த கோளாறு, குருமார்களும் வசதியானவர்களும் புதைக்கப்பட்ட மடத்தில் 43 சதவீதம் பேருக்கு இருந்திருக்கிறது. ஃபேஷனுக்குக் காசு இருந்தவர்களின் கால்தான் கெட்டிருக்கிறது. அந்தக் கோளாறோடு வயதானவர்களிடம், கீழே விழுந்து கை எலும்பு முறிந்த அடையாளங்களும் அதிகம். பெருவிரல் நேராக இல்லாதவருக்கு நடையில் சமநிலை தவறும் என்று நான் தினமும் சொல்லிக்கொண்டிருப்பது 600 வருடத்துக்கு முந்தைய எலும்புகளிலும் இருக்கிறது.

அடுத்து நெருப்பு. 1856க்குப் பிறகு பரவிய எஃகு வளையக் கிரினோலின், பாவாடையைக் கூடாரம் மாதிரி விரித்துப் பிடித்தது. பல அடுக்கு உள்பாவாடைகளின் கனம் குறைந்ததே என்று பெண்கள் மகிழ்ச்சியோடுதான் அதை ஏற்றார்கள். ஆனால் மெல்லிய துணி, உள்ளே நிறையக் காற்று, அறைக்கு அறை மெழுகுவர்த்தியும் கணப்பும். அந்தப் பத்தாண்டுகளில் உடையில் தீப்பிடித்து இறந்த பெண்கள் ஏராளம். 1861இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபேனி வீட்டிலேயே உடை தீப்பற்றி இறந்தார். இதெல்லாம் பழங்கதை என்று தள்ள வேண்டாம். முழங்கையிலிருந்து விரிந்து தொங்கும் மணிக் கை இப்போது மறுபடி வந்திருக்கிறது, அதுவும் பாலியெஸ்டரில். பருத்தி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். தீக்காயம் ஆறிய பிறகு இறுகிப்போன முழங்கையை அங்குலம் அங்குலமாக நீட்டிவிடும் வேலை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். அந்த வலியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் தொங்கும் கையோடு அடுப்புப் பக்கம் போகமாட்டார்.

கார்செட்டுக்கு வருகிறேன். எனக்கு அதிக எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்செட்டைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் மூச்சுவிட முடியாமல் மயங்கி விழுந்துகொண்டே இருந்தார்கள், இடுப்புக்காக விலா எலும்பையே வெட்டி எடுத்தார்கள் என்பது. இன்னொன்று, எல்லாரும் நாள் முழுக்க இறுக்கிக் கட்டியும் சௌகரியமாக இருந்தார்கள், ஆகவே நாமும் கட்டலாம் என்பது. இரண்டும் தப்பு. விலா எலும்புக் கதைக்கு ஓர் ஆதாரமும் கிடையாது. அறுவை மருத்துவர் லிஸ்டர் காயத்தில் கிருமிகளை ஒழிக்கும் கிருமிநாசினி முறையை வெளியிட்டதே 1867இல்தான், அதற்கு முன் அறுவை என்றாலே உயிருக்கு ஆபத்து, அழகுக்காக யார் அதில் இறங்குவார்? மிக இறுக்கமாகக் கட்டியவர்கள் இருந்தார்கள், ஆனால் குறைவு. கார்செட்டோடு வயலிலும் ஆலையிலும் வேலை செய்த பெண்கள்தான் அதிகம்.

அவர்களால் எப்படி முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் அதை வெறும் உடம்பில் போடவில்லை, உள்ளே தளர்வான பருத்தியோ லினனோ இருக்கும். அது அளவெடுத்துத் தைத்தது. உள்ளே வைத்த திமிங்கலத் தாடித் தகடு உடம்பின் சூட்டில் இளகி அவரவர் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். கனமான பாவாடைகளின் பாரம் இடுப்பின் ஒரே கோட்டில் அறுக்காமல் பரப்பித் தாங்குவதும் அதன் வேலை. அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்செட்டின் அளவைப் பார்த்து "இவ்வளவு சின்ன இடுப்பா" என்று வியக்கிறார்கள். பின்பக்கம் நாடாவுக்கு நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டுத்தான் பெரும்பாலும் கட்டினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். சின்ன இடுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்ததில் பாதி, இடுப்புக்குக் கீழே வைத்த திண்டும், மேலே அகன்ற கையும், விரிந்த பாவாடையும் செய்த வேலை. புகைப்படமா? நெகட்டிவிலேயே இடுப்பைச் சுரண்டிக் குறைத்திருக்கிறார்கள், இன்றைய ஃபில்டருக்குக் கொஞ்சமும் குறையாத ஏமாற்று. நீங்கள் பார்த்து ஆசைப்படும் அந்த இடுப்பு அந்தப் பெண்ணுக்கே இருந்திருக்காது.

இப்போது விற்பது என்ன? மூன்று நான்கு அளவுகளில் மொத்தமாகத் தைத்தது. உள்ளே பிளாஸ்டிக் குச்சி, அது இடுப்பில் மடங்கி, மடங்கிய இடத்தில் குத்தும். அதை நேராகத் தோலின் மேல் போட்டு, கொக்கியை மாட்டி, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் கீழ்விளிம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் போய் அழுத்தும். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பு அந்த இடம் வழியாகத்தான் இறங்குகிறது. நான் முதலில் சொன்ன பெண் சட்டைக்கு மேல்தான் போட்டிருந்தார் என்றாலும், அவருக்கும் இந்த நரம்பு அழுத்தம்தான் ஆகியிருந்தது. மெரால்ஜியா பரெஸ்தெடிகா என்று 1895இலேயே பெர்ன்ஹார்ட், ரோத் என்ற இரு மருத்துவர்கள் விவரித்துவிட்ட கோளாறு, இடுப்பில் எதை இறுக்கிக் கட்டினாலும் வரக்கூடியது. அழுத்தத்தை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகும். அழுத்தத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இன்னொன்று, 1800களின் தொடக்கத்துப் பாணி என்று சொல்லி இடுப்பை நெரிக்கும் கார்செட் விற்கிறார்கள். அந்தக் காலத்து உடையில் இடுப்பு மார்புக்குக் கீழேயே முடிந்துவிடும், உள்ளாடை மார்பைத் தாங்கத்தான், இடுப்பைக் குறைக்கும் அவசியமே இல்லை. மெல்லத் தொங்கும் அந்த கவுனைப் போட ஆசை என்றால் தாராளமாகப் போடுங்கள், உடம்புக்கு அதைவிட இதமான பழைய பாணி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் காலத்துப் பெண்களே இதையெல்லாம் எதிர்த்து வாதாடியிருக்கிறார்கள். 1881இல் லண்டனில் தொடங்கிய ரேஷனல் டிரஸ் சொசைட்டி, உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டுக்கு, அதாவது மூன்று கிலோ சொச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. அதுவே அவர்களுக்குக் குறைந்த அளவாகப் பட்டிருக்கிறது என்றால் மற்றவர்கள் எவ்வளவு சுமந்திருப்பார்கள்! என் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி: 1900 வாக்கில் வந்த, முன்பக்கம் நேராக இறங்கும் நேர்முன் கார்செட், வயிற்றை அழுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மருத்துவம் படித்த இனெஸ் காஷ் சரோத் வடிவமைத்தது. அதையும் இறுக்கிக் கட்டி, மார்பு முன்னால், இடுப்பு பின்னால் என்று முதுகை வளைத்துவிட்டார்கள். ஆகவே "இது மருத்துவர் பரிந்துரைத்த டிசைன்" என்ற விளம்பரத்தைக் காட்டி என்னிடம் வாதாட வேண்டாம்.

கார்செட் போட்டால் முதுகு நேராகும், முதுகுவலி போகும் என்பவர்களுக்கு: போட்டிருக்கும்வரை நேராக நிற்கும். முதுகைத் தாங்க வேண்டிய தசைக்கு அதனால் பலம் கூடிவிடாது. நாங்கள் சிலருக்குக் கொடுக்கும் இடுப்புப் பட்டை வேறு, அதற்குக் காரணமும் கால அளவும் உண்டு. இடுப்பு நிரந்தரமாகச் சுருங்கும் என்று ரீல்ஸில் காட்டும் பட்டையை நம்பாதீர்கள். வியர்ப்பது கொழுப்பு கரைவது ஆகாது.

கார்செட் போட்டே ஆக வேண்டுமென்றால் போடுங்கள், இப்படிப் போடுங்கள். உள்ளே ஒரு பருத்தி உடை. கட்டிய பிறகு உட்கார்ந்து, வயிறு நிறைய மூச்சிழுத்து, குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள். மூன்றில் எது முடியாவிட்டாலும் நாடாவைத் தளர்த்துங்கள். நீண்ட நேரம் உட்காரும் வேலைக்குப் போட வேண்டாம், சாப்பிடும்போது தளர்த்துங்கள், போட்டுக்கொண்டு தூங்காதீர்கள், உடற்பயிற்சி செய்யாதீர்கள். கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமானவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், சிறுநீர் கசிவு உள்ளவர்கள் அறவே வேண்டாம். பிரசவமான மறுவாரமே பழைய இடுப்பு வேண்டும் என்று கட்டிக்கொண்டு வரும் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் உங்கள் இடுப்புத்தளத் தசை இப்போதுதான் பெரிய வேலையை முடித்திருக்கிறது, மேலிருந்து அதை அமுக்காதீர்கள், தயவுசெய்து.

இறுக்கமான ஜீன்ஸும் லேசுப்பட்டதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 35 வயதுப் பெண் ஒருவர், உறவினருக்கு வீடு மாற்ற உதவப் போய், ஸ்கின்னி ஜீன்ஸோடு மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து அலமாரிகளைக் காலிசெய்திருக்கிறார். மாலையில் கால் மரத்துக் கீழே விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கெண்டைக்கால் வீக்கத்தில் ஜீன்ஸைக் கத்தரித்துத்தான் எடுக்க முடிந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். 2015இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. குந்தி உட்காரும் வேலை இருந்தால் அன்று தளர்வானதைப் போடுங்கள்.

செருப்புக்கு ஒரு சுலபமான சோதனை. வெறுங்காலோடு தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, அதன் மேல் செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் காலுக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பிளாட்ஃபார்ம் என்றால் அடிப்பாகம் வளைகிறதா பாருங்கள், வளையாத கட்டையில் கணுக்கால் பிசகுவதற்கு ஒரு சின்னக் கல் போதும். 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் சோப்பின் என்ற உயரச் செருப்பு போட்ட சீமாட்டிகள் இரண்டு பக்கமும் பணிப்பெண்களைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். அதில் சில அரை மீட்டர் உயரம். உங்களோடு யாரும் வரப்போவதில்லை, படியில் தனியாகத்தான் இறங்குவீர்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் கழற்றிவிட்டுச் சாதாரணச் செருப்புக்கு மாறுங்கள், பிரேக் எங்கே இருக்கிறது என்று உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும்.

நீளமாகத் தொங்கும் எதுவும், ஸ்கார்ஃபோ பாவாடையின் வாலோ, சக்கரத்துக்கும் நகரும் படிக்கட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் நீஸ் நகரில் இறந்தது, கழுத்தில் சுற்றியிருந்த ஸ்கார்ஃப் காரின் சக்கரத்தில் சிக்கித்தான். கிளம்பும் முன் ஒரு முடிச்சு போட்டு உள்ளே செருகினால் போதும்.

கடைசியாக, மரத்துப்போவது, எரிச்சல், விரல் கூச்சம் என்று மருத்துவரிடமோ எங்களிடமோ போகும்போது, பரிசோதனைக்கு வசதியாக இருக்குமே என்று தளர்வான உடையில் போய் நிற்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள், நாங்களும் அழுத்தும் பொருளைக் கண்ணால் பார்க்காமலே முதுகையும் கழுத்தையும் தேடிக்கொண்டிருக்கிறோம். வலி வந்த அன்று போட்டிருந்ததையே போட்டுக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் பையில் எடுத்துக்கொண்டாவது போங்கள். செருப்பையும் சேர்த்து.