ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி நிறுத்தப் பழகிக்கங்க: வீட்டுல வெச்சு பழைய பென்ஸ் டீசல் வேலை பாக்கறவங்களுக்கு

போன ஐப்பசில ஒரு ராத்திரி எட்டரை மணி இருக்கும்ங்க, ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்புல இருந்து ஒரு தம்பி போன் பண்ணுனாப்ல, குரலே நடுங்குது. "ஏனுங்ணா, சாவிய உருவி கையில வெச்சிருக்கறனுங்க, வண்டி நிக்க மாட்டேங்குதுங்ணா, பேட்டரியக் கழட்டீரட்டுங்ளா?" அப்பாரு வாங்குன பென்ஸ் இ250 டீசலுங்க அது, 11 வருசமா தேங்கா களத்து ஓரம் ஷெட்டுல நின்ன வண்டி, தம்பி நாலு மாசமா லீவு நாள்ல லீவு நாள்ல உக்காந்து தன்னால வேலை பாத்து அன்னிக்குத்தான் மொதல் தடவையா ஸ்டார்ட் பண்ணியிருக்காப்ல. பேட்டரியக் கழட்டுனாலும் வண்டி நிக்காது தம்பி, பானெட்டத் தொற, டீசல் பம்பு பக்கத்துல ஸ்டாப்னு எழுதுன சின்ன லீவர் ஒண்ணு இருக்கும், பெல்ட்டு பக்கம் சட்டை போகாமப் பாத்து அதை அமுத்திப் புடின்னேன். புடிச்சாப்ல, நின்னுருச்சு. அதுக்கப்புறம் ஒரு நிமிசம் போன்ல ரெண்டு பேருமே பேசலைங்க.

நான் டீசல் வேலைக்கு வந்து 27 வருசமாச்சு. சங்ககிரிப் பக்கம் லாரி பம்பு ரூம்ல ஆரம்பிச்சு, இப்ப கோயமுத்தூர் திருச்சி ரோட்டுப் பக்கம் சின்னதா கார் பட்டறை. இந்த நாலஞ்சு வருசமா பழைய ஜெர்மன் டீசல் காரை வீட்டுலயே வெச்சு செய்யறவங்க போன் நெறைய வருது, எனக்கு அதுல ரொம்ப சந்தோசம், ஏன்னா கம்ப்யூட்டர் இல்லாம கையில ஸ்பேனர் வெச்சு ஒரு மனுசன் முழுசாப் புரிஞ்சுக்கற மாதிரி செஞ்ச கார் அதுங்க. பென்ஸ் 123 மாடல்ல 240டின்னு ஒரு கார், அதுல இருந்த ஓஎம் 616ங்கற அதே எஞ்சின்தான் லைசென்ஸ் வாங்கி இங்கயே செஞ்சு டெம்போ டிராக்ஸ்லயும் டிராவலர்லயும் ஓடுச்சு, அதனால நம்மூரு மெக்கானிக் கைக்கு அது அன்னியமே இல்ல. அதுக்கு அடுத்த 124 மாடல்தான் 1990கள்ல புனேல டாடாவோட டெல்கோ கூட சேந்து அசெம்பிள் பண்ணி வந்தது, தம்பியோட வண்டி அதுதான். செய்யலாம், தாராளமா செய்யலாம். ஆனா எல்லாரும் "வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்றது"ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க, எப்படி நிறுத்தறதுன்னு ஒருத்தர்கூட கேட்டதில்லீங்க. இதை எழுதறதே அதுக்குத்தான்.

பெட்ரோல் வண்டில சாவிய ஆஃப் பண்ணுனா பிளக்குக்குக் கரண்டு போகாது, எஞ்சின் செத்துரும். டீசலுக்கு ஸ்பார்க்கே கெடையாது, டீசலும் காத்தும் உள்ள போற வரைக்கும் அது ஓடிட்டேதான் இருக்கும். அதனால இந்த பென்ஸ்கள்ல என்ன பண்ணுனாங்கன்னா எஞ்சின் முன்னாடி காத்தை உறிஞ்சற ஒரு வேக்கம் பம்பு வெச்சு, சாவிய ஆஃப் பண்ணுனா அந்த வேக்கம் ஒரு சின்ன டியூப் வழியா டீசல் பம்புல இருக்கற ஒரு டயாப்ரத்தை, அதாவது ரப்பர் சவ்வை, இழுத்து டீசலை அடைக்கற மாதிரி செஞ்சாங்க. டியூப் வெடிச்சாலோ டயாப்ரம் கிழிஞ்சாலோ பம்பு இழுக்காம போனாலோ சாவிக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லாம போயிரும். இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான எடம்: அதே வேக்கம் பம்புதான் பெடலை லேசாக்கிக் குடுக்கற பிரேக் பூஸ்டருக்கும் வேக்கம் குடுக்குது. சாவி போட்டு நிக்காத வண்டிக்கு பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாம இருக்க வாய்ப்பு இருக்குதுங்க, ரெண்டுக்கும் தாய் ஒண்ணுதான். தம்பி மறுநாள் காலைல அந்த வண்டிய பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டிட்டுப் போயி வாட்டர் வாஷ் பண்றதா இருந்தாப்ல. 1,400 கிலோ வண்டி, பெடல் கல்லு மாதிரி, முன்னாடி கரும்பு டிராக்டரோ ஸ்கூல் வேனோ போயிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாப்லன்னு நெனச்சு அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை.

பாக்கறது சுலபம். எஞ்சின் ஆஃப்ல இருக்கறப்ப பிரேக் பெடலை அஞ்சாறு தடவை அமுத்துங்க, கெட்டியாயிரும், அப்படியே கால வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் கொஞ்சம் கீழ எறங்கோணும். எறங்கலைன்னா பூஸ்டர் இல்லைன்னா அதுக்கு வர்ற வேக்கம் இல்ல. அடுத்தது டீசல் பம்புக்குப் போற வேக்கம் டியூபக் கழட்டி உள்ள எஞ்சின் ஆயில் இருக்குதான்னு பாருங்க, இருந்தா டயாப்ரம் போச்சு, ஆயில் டியூப் வழியா ஏறுது. இல்லைன்னா கையில அடிக்கற வேக்கம் பம்பு ஒண்ணு வாங்கி கேஜைப் பாத்துட்டே ஒவ்வொரு கிளையா அடைச்சு அடைச்சு எங்க எறங்குதுன்னு தேடுங்க, 123 மாடல்னா கதவு லாக்குக்கும் இதே வேக்கந்தான் போகும், டிரைவர் கதவுக்குள்ள வெடிச்ச ரப்பர் எஞ்சினை நிக்காம பண்ணுன வண்டி என்ற பட்டறைக்கே வந்திருக்குது. 124ன்னா வேக்கம் பம்பையே சந்தேகப்படுங்க, அதுக்குள்ள இருக்கற பேரிங் ஒடஞ்சா உண்டைகள் டைமிங் செயின் பக்கம் விழுந்து எஞ்சினையே காலி பண்ணிரும், எஞ்சின் முன்பக்கம் புதுசா டக் டக்னு சத்தம் கேட்டா அன்னிக்கே நிறுத்தீருங்க.

ஸ்டாப் லீவரை ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தியே கண்டுபுடிச்சு துரு இருந்தா ஆயில் விட்டு ஆட்டி வையுங்க, பக்கத்துல நிக்கறவங்களுக்கும் காட்டி வையுங்க. லீவரும் வேலை செய்யலைன்னா, மேனுவல் கியர்னா ஹேண்ட் பிரேக் போட்டு கால் பிரேக்க அமுத்திட்டு நாலாவது கியர்ல கிளட்ச்ச விட்டா எஞ்சின் அணைஞ்சிரும், ஆனா வண்டிக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் வாயை அடைக்கறதுன்னா பலகையால அடைங்க, கையாலயோ துணியாலயோ வேண்டாம், எஞ்சின் இழுக்கற இழுப்பு உங்க கைக்குத் தாங்காது.

பிரேக்கையும் இதோடவே சொல்லீர்றேன். வருசக்கணக்குல நின்ன வண்டில பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சிருக்கும், வீல்ல பிரேக்கைப் புடிக்கற காலிபரோட பிஸ்டன் துருப்புடிச்சு ஒட்டியிருக்கும், ஹோஸ் வெளிய நல்லா இருந்து உள்ள ஊதி அடைச்சிருக்கும். ஹோஸ் மாத்துங்க, காலிபர் கிட்டு போடுங்க, புது டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தி தூரத்து வீல்ல இருந்து ஏர் எடுங்க, அப்புறம் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. எஞ்சின் ஓடறதுக்கு முந்தி இது முடியோணும்.

அடுத்தது வண்டிக்கு அடியில படுக்கறது. இதை எழுதறப்ப எனக்குக் கை கனக்குதுங்க. நம்மூர்ல ஹாலோ பிளாக் இல்லாத வீடே இல்ல, வீடு கட்டி மிஞ்சுனது நாலு கெடக்கும், ஜாக்கி போட்டுத் தூக்கி அதை முட்டுக் குடுத்துட்டு படுத்துர்றாங்க. ஹாலோ பிளாக் செவுத்துல வரிசையா நின்னா பாரம் தாங்கும், ஒரே புள்ளில பாரம் வந்தா சொல்லாம கொள்ளாம பொடியாயிரும், மரம் மாதிரி முறியற சத்தம்கூட குடுக்காது. பல வருசத்துக்கு முந்தி பல்லடம் பக்கம் ஒரு வீட்டுல கியர்பாக்ஸ் ஆயில் மாத்தப் போயி அப்படி ஒருத்தர் நெஞ்சு மேல வண்டி எறங்குச்சு, பக்கத்துத் தறிக்குடோன்ல இருந்து ஆளுக ஓடி வந்து தூக்குனதால உயிர் இருக்குது, வெலா எலும்பு மூணு போச்சு. நல்ல ஸ்டாண்டு நாலு வாங்குங்க, கான்கிரீட் தரைல மட்டும் போடுங்க, மண்ணுத்தரைன்னா அடியில தடி பலகை. இந்த வண்டிகள்ல ஜாக்கி போடற எடமே துருப்புடிச்சு ஓட்டையா இருக்கும், நம்ம காத்து வறண்ட காத்துங்கறதால கடற்கரை வண்டி அளவுக்கு இருக்காது, ஆனாலும் ஸ்க்ரூ டிரைவர்ல குத்திப் பாக்காம தூக்காதீங்க. படுக்கறதுக்கு முந்தி வண்டியப் புடிச்சு நல்லா ஆட்டிப் பாருங்க, ஸ்டாண்டு மேல ஆடுனா ஆடட்டும், உங்க மேல ஆட வேண்டாம்.

முன் ஸ்ப்ரிங்கை மட்டும் வீட்டுல தொடாதீங்க. 123லயும் 124லயும் முன்பக்கம் ஸ்ப்ரிங் தனியா கீழ் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவுல முழுப் பாரத்தோட அமுங்கி உக்காந்திருக்கும், அதை எடுக்க உள்ளாற விட்டு அமுக்கற தனி கம்ப்ரெஸர் வேணும். மத்த கார் ஸ்ப்ரிங்குக்கு வெளிய மாட்டற கொக்கி இதுக்கு சரியாப் புடிக்காது, சங்கிலி போட்டுக் கட்டி எறக்கலாம்னு யூடியூப்ல பாத்தேன்னு ஒருத்தர் சொன்னார், அது தெறிச்சா தலை இருக்காதுங்க. அந்த டூல் வெச்சிருக்கற பட்டறைல குடுங்க.

டீசல் பீச்சறதைப் பத்தி என்ற அனுபவம் ஒண்ணு. லாரி பம்பு ரூம்ல என்ற கூட வேலை பழகுன பையன், இன்ஜெக்டர் டெஸ்ட் பண்றப்ப சும்மா வெளையாட்டுக்கு வெரலை நாசிலுக்கு நேரா காட்டுனான். ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூட வரலை, வலியும் பெருசா இல்ல, தண்ணில கழுவிட்டு டீ குடிக்கப் போயிட்டான். ராத்திரி வெரல் வாழைப்பழம் மாதிரி வீங்கி கறுத்துருச்சு, கடைசில ஆள்காட்டி வெரல் பாதி போச்சு. அப்ப எங்களுக்கு விவரம் தெரியலை. இந்த பென்ஸ் இன்ஜெக்டர் தொறக்கறதே 115 பார் பிரஷருக்குப் பக்கத்துல, அந்தப் பீச்சல் தோலைக் கிழிச்சு டீசலை உள்ள ஏத்திரும், சதை உள்ளுக்குள்ள அழுகும், கையுறை போட்டாலும் நிக்காது. அதனால பைப்ல லீக் தேடறதுன்னா அட்டையக் காட்டுங்க, கைய இல்ல. கழட்டுன இன்ஜெக்டரை பைப்ல மாட்டி கிராங்க் பண்ணி ஸ்ப்ரே பாக்கற வேலையே வீட்டுல வேண்டாம். தப்பித் தவறி குத்தீருச்சுன்னா வலி இல்லைன்னு வீட்டுல இருக்காதீங்க, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குப் போயி "ஹை பிரஷர்ல டீசல் உள்ள போயிருச்சு"ன்னு அதே வார்த்தைல சொல்லுங்க, சும்மா காயம்னு சொன்னா டிடி ஊசி போட்டு அனுப்பீருவாங்க. கை ஆபரேசனுக்குப் பேர் போன கங்கா ஆஸ்பத்திரி கோயமுத்தூர்லயே இருக்குது, நேரம்தான் இதுல எல்லாமே.

இதெல்லாம் சரியா இருந்தா மீதி வேலை பொறுமை இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நின்ன வண்டி டேங்க்ல பழைய டீசலை முழுசா எறக்கீருங்க, அடியில தண்ணி சேந்து கறுப்பா கொழகொழன்னு பாசி மாதிரி இருக்கும், டேங்க்குக்குள்ள இருக்கற வலையும் அடைச்சிருக்கும். ரெண்டு டீசல் ஃபில்டரும் புதுசு, பெரிய ஃபில்டர்ல சுத்தமான டீசல் ஊத்தி மாட்டுங்க, இன்ஜெக்டருக்கு நடுவுல ஓடற நூல் சுத்துன ரிட்டர்ன் ஹோஸ் எல்லாம் மாத்துங்க, அதோட விலையக் கேட்டா சிரிப்பு வரும், ஆனா காத்து இழுத்து ஸ்டார்ட்டிங் கெடுக்கறது பாதி நேரம் அதுதான். ஸ்டார்ட்டிங்குக்கு உள்ள சூடு குடுக்கற ஹீட்டர் பிளக் போயிருக்குதுன்னு ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ பெட்ரோல் நனைச்ச துணியோ ஏர் ஃபில்டர்ல காட்டாதீங்க, சூடான ஹீட்டர் பிளக் மேல அது பட்டா உள்ள வெடிக்கும், பிஸ்டனும் போகும் உங்க மூஞ்சியும் போகும். 240டி, 300டின்னா டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பாருங்க, எஞ்சின் ஆறுனதுக்கப்புறம் இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர், இது இறுகியிருந்தா கம்ப்ரெஷன் எறங்கி வண்டி கெழடாயிருச்சுன்னு தப்பா நெனச்சுக்குவீங்க. 124ல ஹைட்ராலிக் டேப்பெட், அந்த வேலை இல்ல.

டீசல் பம்பைத் தொறக்காதீங்க. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு லாரியும் போர் போடற ரிக்கும் ஓடற ஊர்கள்ல மைக்கோ கம்பெனி டீசல் பம்பை கண்ணைக் கட்டிட்டு கழட்டற ஆளுக இருக்காங்க, டெஸ்ட் பெஞ்ச் இருக்குது, அங்க குடுங்க, ஆனா லாரி அளவு வெக்காம இந்தப் பம்போட நம்பருக்கு உண்டான அளவு வெக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.

அப்புறம் தண்ணி. அவிநாசி, காங்கயம் பக்கம் போர்த் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், பக்கெட்டுல வெள்ளையா படியும், அதே தண்ணிய 20 வருசம் ரேடியேட்டர்ல ஊத்துனா என்னாகும். 124 ஹெட் அலுமினியம், உப்பு அரிக்கும், அடைச்சு சூடேறுனா ஹெட் வளையும். கூலன்ட்டும் உப்பு எடுத்த டிஎம் வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். பழைய கூலன்ட்டை வாசல்ல திறந்து வெக்காதீங்க, இனிக்கும், நாயும் கொழந்தையும் குடிச்சா கிட்னி போயிரும். கரி ஆயிலை வேலிக்கல்லுக்கும் கரையானுக்கும் ஊத்தற பழக்கம் இருக்குது, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 7 லிட்டர் எறங்கும், அது போர்ல வந்து நம்ம வயித்துக்குத்தான் போகும், பழைய ஆயில் எடுக்கறவங்ககிட்டக் குடுங்க.

வாங்கலாம்னு இருக்கறவங்க ஸ்பேனரை எடுக்கறதுக்கு முந்தி ஆர்சிய எடுத்துப் பாருங்க. சொந்த வண்டிக்கு 15 வருசம், அப்புறம் அஞ்சஞ்சு வருசத்துக்கு புதுப்பிக்கோணும், செத்துப்போன ஆர்சியோட நிக்கற வண்டில மூணு லட்சம் போட்டுட்டு அழுதவங்களைப் பாத்திருக்கறேன். டெல்லில பழைய டீசல் வண்டிக்குத் தடை வந்ததுல அங்கிருந்து சல்லிசா வண்டி வருது, என்ஓசி கையில வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

ஆனைமலைத் தம்பி வண்டிக்கு வேக்கம் பம்பு மாத்தியாச்சு, டயாப்ரமும் மாத்தியாச்சு, இப்ப சாவிய ஆஃப் பண்ணுனா நிக்குது. பின்னாடி எடது காலிபர் இன்னும் ஒட்டுது, அதுக்கு கிட்டு வரோணும், அது வரைக்கும் களத்தைத் தாண்டி ஓட்டறதில்லைன்னு சொல்லியிருக்காப்ல. ஸ்டாப் லீவருக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சு, அவங்க அப்பத்தாளையும் கூட்டிட்டு வந்து அது எங்க இருக்குதுன்னு காட்டியிருக்காப்ல, போட்டோ அனுப்பியிருந்தாப்ல, அந்தம்மா பானெட்டுக்குள்ள குனிஞ்சு பாத்துட்டு இருக்காங்க.