தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அரசு உதவி: எங்கே கிடைக்கும், எங்கே அலையவிடுவார்கள்

ஒரு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமில் எனக்கு முன்னால் ஒரு அம்மா, மகனோடு நின்றிருந்தார். பையனுக்குப் பதினாறு வயது. அம்மாவின் உள்ளங்கை அவன் நெற்றிப்பொட்டின் மேலேயே இருந்தது. ஏன் என்று இரண்டு நிமிடத்தில் புரிந்தது. அவன் முஷ்டியை மடக்கி ஓங்கும்போதெல்லாம் அடி அந்தக் கையின் மேல் விழுந்தது. அவனுடைய விரல் முட்டிகளில் தோல் காய்த்து, கருத்துப்போய் இருந்தது. அம்மாவின் புறங்கையும் அப்படித்தான்.

உள்ளே கேட்ட கேள்விகள் மூன்று. தானாகச் சாப்பிடுவானா? சட்டை போடுவானா? பக்கத்துக் கடைக்குப் போய் வருவானா? மூன்றுக்கும் அம்மா, "நல்லாப் பண்ணுவான் சார்" என்றார். 50 சதவீதம் எழுதினார்கள். "சார், ஒரு நாளைக்கு நூறு தடவை தலையில அடிச்சுக்கிறான்" என்றதற்கு, "அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்று பதில் வந்தது.

சொன்னவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கட்டம் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சதவீதம் எப்படி வருகிறது

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். அறிவுசார் குறைபாட்டுக்கு அந்தச் சதவீதத்தை எப்படிப் போடுவது என்று மத்திய அரசு 2018-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2024-இல் அதைத் திருத்தியது. இங்கே நான் சொல்வது 2018 கணக்கு. ஐ.க்யூ. சோதனையோடு, வைன்லேண்ட் என்ற சமூக முதிர்ச்சி அளவுகோலில் வரும் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம். 36 முதல் 54 வரை 75. 21 முதல் 35 வரை 90. அதற்கும் கீழே என்றால் 100. 70 முதல் 84 வரை போய்விட்டால் வெறும் 25 சதவீதம்தான், உதவித்தொகைக்கு வழியே கிடையாது.

இந்த அளவுகோல் கேட்பதெல்லாம் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன செய்வான் என்றுதான். தன் கையைத் தானே கடித்துக் குதறிக்கொள்வதும், சுவரில் தலையை முட்டிக்கொள்வதும் அதற்குள் வராது. பேசவும் காசு எண்ணவும் தெரிந்து, ஆனால் இரவு முழுக்க ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை, காகிதத்தில் லேசான குறைபாடு உள்ளவனாகிவிடுவான்.

ஆகவே முகாமில் பெருமைக்குப் பதில் சொல்லாதீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. "சட்டை போடுவானா" என்றால், எடுத்துக் கொடுத்துப் பொத்தானும் போட்டுவிட்டால் போடுவான், அடித்துக்கொள்ளும் நாளில் அதுவும் நடக்காது என்று முழுசாகச் சொல்லுங்கள். கடைக்குப் போவான் என்றால் யார் கூடப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோர் விட்டுவிடும் பாதி வாக்கியம்தான் மதிப்பெண்ணை ஏற்றிவிடுகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்கிற முதல் கேள்வி, "ஆதாரம் இருக்கா?" அதற்கு நான் கண்ட ஒரே வழி நோட்டு. தேதி, நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எப்படி அடித்துக்கொண்டான், எத்தனை நிமிடம், பிறகு என்ன செய்தீர்கள். இவ்வளவுதான். "காலை 7.10. பல் தேய்க்கக் கூப்பிட்டேன். வலது கன்னத்தில் 14 அடி. தேய்க்க வேண்டாம் என்று விட்டதும் நின்றது." ஓர் அம்மா எழுதிய வரி இது. இரண்டு வாரம் இப்படி எழுதியபின் பார்த்தால், எல்லா அடியும் வலது பக்கம், எல்லாம் பல் தேய்க்கும்போதும் சாப்பிடும்போதும். பல் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் கட்டியிருந்தது. அதைப் பிடுங்கியபின் அடி பெருமளவு குறைந்தது.

வலியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கைதான் வாய். பல், காது, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, வலிப்பு இவற்றைப் பார்க்காமல் நேரே தூக்க மாத்திரைக்குப் போகும் மருத்துவரிடம் நோட்டைக் காட்டி நின்று கேளுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றானபின் நடத்தைப் பயிற்சிக்குப் போகலாம். வேலையிலிருந்து தப்பிக்க அடித்துக்கொள்கிறானா, யாராவது பார்க்க வேண்டும் என்பதற்கா, கேட்டது கிடைக்காததற்கா என்று பிரித்தறியவும் பயிற்சியாளர் இதே நோட்டைத்தான் கேட்பார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. போகும்போது நோட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மாதம் 2,000 ரூபாய்

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மனு கொடுக்க வேண்டியது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் சொன்னார், தாசில்தார் அலுவலகத்தில் சொன்னார்கள் என்று வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது 1,500 ரூபாய். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. குறைந்த தொகையில் பெயர் ஏறிவிட்டால், அதை ரத்து செய்த கடிதம் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நல அலுவலகத்தில் "அங்கே போய் எழுதி வாங்கி வா" என்பார்கள், தாசில்தார் அலுவலகத்தில் "அவங்க கேட்டு அனுப்பினால்தான் தருவோம்" என்பார்கள். இரண்டு அலுவலகமும் ஒரே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருந்தாலும் நிலைமை இதுதான். மனு எழுதும் முன்பே "பராமரிப்பு உதவித்தொகை" என்ற இரண்டு சொல் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் பணம் வந்துவிடாது. காத்திருப்புப் பட்டியல் என்பார்கள். வரிசை எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பணம் வர ஆரம்பித்தபின் வாழ்நாள் சான்று கேட்டு அழைப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பணம் நின்றுவிடும்.

சதவீதத்தில் விட்டதை இங்கே கேளுங்கள்

உரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் பற்றி எனக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் எந்த அலுவலகமும் தானாகச் சொன்னதில்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள ஒருவருக்கு உயர் ஆதரவு தேவை என்று அவரோ, அவர் சார்பாக வேறொருவரோ, ஓர் அமைப்போ மனு செய்யலாம். அதை மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். உயர் ஆதரவு என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் உடல்ரீதியான ஆதரவோடு உளவியல்ரீதியான ஆதரவும், சிகிச்சையும் பயிற்சியும் பெறுவதற்கான ஆதரவும் இருக்கின்றன. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது என்பதை அரசு கேட்டாக வேண்டிய இடம் இதுதான்.

தமிழ்நாட்டில் உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு உதவியாளர் தொகையாக மாதம் 1,000 ரூபாய் தனியே உண்டு. "50 பர்சென்ட்தானே, உங்களுக்கு வராது" என்று கவுண்டரில் சொன்னால் திரும்பி வராதீர்கள். மனுவை வாங்கிக்கொண்டு, காரணத்தை எழுதி நிராகரிக்கச் சொல்லுங்கள். நோட்டின் நகல், காயத்துக்குத் தையல் போட்ட சீட்டு, தேதியோடு நான்கு படங்கள், பயிற்சியாளரின் ஒரு பக்கக் கடிதம் இவற்றை இணையுங்கள். வாங்க மறுத்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். அங்கே பதிவு எண் கொடுத்தே ஆக வேண்டும்.

பதினெட்டாவது பிறந்தநாள்

குடும்பங்கள் அதிகம் விழும் குழி இது. 2018 வழிகாட்டுதலின்படி சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் வாங்குவதுதான் ஆயுளுக்கும் செல்லும். பழைய சான்று காலாவதியானதும் அதை நம்பி நடந்த எல்லாம் நிற்கும். அதே நேரத்தில் வங்கி, "இனி அவர் மேஜர், அவரே கையெழுத்துப் போடணும்" என்று கணக்கை முடக்கும். பெற்றவர்தானே என்ற உரிமை 18-க்குப் பிறகு காகிதத்தில் செல்லாது.

அதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது. சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றை அதுவே தரும். வங்கியில் கோர்ட் ஆர்டர் கேட்பார்கள். இந்தக் குழுவின் சான்றை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மேலாளரிடம் வாய்ச்சண்டை போடாமல், மறுப்பை எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு வழிக்கு வந்துவிடுவார்கள். குழு அடிக்கடி கூடாது. பதினேழரை வயதிலேயே தாள்களைத் தயார் செய்து வையுங்கள்.

அவசரப் பிரிவில்

தலை உடைந்து ரத்தத்தோடு போனால் முதல் சந்தேகம் பெற்றோர் மேல் விழும். அடுத்தது, "தற்கொலை முயற்சியா?" போலீஸுக்குத் தகவல் போகும். பதறாதீர்கள், நோட்டையும் அடையாள அட்டையையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். "அறிவுசார் குறைபாடு உள்ளவர், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தை ஏற்கெனவே உண்டு" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "வேண்டுமென்றே ஏற்படுத்திக்கொண்ட காயம்" என்ற சொல் விழுந்துவிட்டால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கிக்கொள்ளும். அந்த ஒரு சொல்லைத் திருத்தி வாங்க ஒரு தகப்பனார் ஐந்து முறை நடந்ததைக் கூடவே போய்ப் பார்த்தவள் நான்.

காப்பீடு என்றதும் நிராமயாவைச் சொல்ல வேண்டும். தேசிய அறக்கட்டளையின் திட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பில்லை, முன்சோதனை இல்லை, வெளிநோயாளிச் சிகிச்சையும் பயிற்சிகளும் சேரும். ஆனால் முதலில் உங்கள் கைக்காசு, பிறகு பில் கொடுத்துத் திரும்ப வாங்குவதுதான் நடைமுறை. பில்லை மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். மார்ச் 31-க்குமுன் புதுப்பிக்காவிட்டால் ஏப்ரலில் ஆகும் செலவு உங்களுடையதே.

பள்ளியும் இல்லமும்

"அடிச்சுக்கிற பையனைச் சேர்த்தா மத்த பிள்ளைங்க பயப்படும்" என்று பள்ளியில் சொல்வார்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 16-ஆம் பிரிவு. மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள்.

விடுதியில் விட வேண்டிய நிலை வந்தால், பதிவுச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். பதிவு இல்லாத இல்லம் சட்டவிரோதம். உள்ளே போய்த் தூங்கும் இடத்தைப் பாருங்கள். கட்டிலில் கயிறோ, காலில் தழும்போ இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

முகாமில் பார்த்த அந்த அம்மா இப்போது நோட்டு எழுதுகிறார். 38-ஆம் பிரிவின்படி மனு கொடுத்துப் பதிவு எண்ணும் வாங்கியாயிற்று. மாதாமாதம் முதல் திங்கட்கிழமை நானும் அவரும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கப் போகிறோம். போன முறை, "கோப்பு மேசைக்கு வந்துடுச்சு" என்றார்கள். யாருடைய மேசை என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.