கார் டிக்கியில் இருந்த முறுக்கு பாக்கெட்டும் பக்கத்து மாநில வரியும்

"பென்சில்வேனியாவுல நமக்கு ஆபீஸே இல்லையே சார், அங்க எதுக்கு வரி?" முறுக்கு, மிக்சர், அப்பளம் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் என்னிடம் கேட்டார். கிடங்கு நியூஜெர்சியில். அவருடைய விற்பனையாளர் பக்கத்து மாநிலக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்து வருவார். சரக்கு இங்கிருந்து பார்சல் சர்வீஸில் போகும்.

அவர் கேட்டது நியாயம்தான். 1959இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய பொதுச் சட்டம் 86-272 இப்படிப்பட்டவர்களுக்காகவே வந்தது. ஆர்டர் கேட்க மட்டும் ஆள் போய், ஆர்டரை ஏற்பதும் சரக்கை அனுப்புவதும் வெளி மாநிலத்தில் நடந்தால், வாங்குகிற மாநிலம் உங்கள் லாபத்துக்கு வருமான வரி போட முடியாது.

அப்புறம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "நம்ம பையன் ரொம்பப் பொறுப்பு. தேதி முடிஞ்ச பாக்கெட்டை எடுத்துட்டு, டிக்கியில இருந்து புதுசை வெச்சிட்டு வந்துடுவான்."

எனக்குப் பக்கென்றது.

ரிக்லி சூயிங்கம் கம்பெனி விஸ்கான்சின் மாநிலத்திடம் 1992இல் தோற்றது கிட்டத்தட்ட இதனால்தான். அதன் ஆட்கள் கடைகளில் பழைய கம்மை மாற்றிக் கொடுத்தார்கள். காலி ஸ்டாண்டைக் கையிருப்பால் நிரப்பி, அதற்குப் பில்லும் போட்டார்கள். அதற்கான சரக்கை அந்த மாநிலத்திலேயே வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் பார்த்தது இதைத்தான்: ஆர்டர் பிடிப்பதைத் தவிர வேறு எந்தப் பயனும் இல்லாத வேலையா, இல்லை, ஆர்டர் கேட்க ஆளே போகாவிட்டாலும் கம்பெனி எப்படியும் செய்ய வேண்டிய வேலையா? விற்பனையாளருக்குக் கார் கொடுப்பதும் இலவச மாதிரிகள் தருவதும் முதல் வகை. பழைய சரக்கை மாற்றுவது இரண்டாவது வகை. ஸ்டாண்டை நிரப்பி வந்த பணம் மொத்த விற்பனையில் துளிதான். ஆனாலும் கம்பெனியே வகுத்துத் தொடர்ந்து செய்த வேலை என்பதால் நீதிமன்றம் அதை அற்பம் என்று விடவில்லை. 1959 சட்டம் தரும் பாதுகாப்பு போனால், மாற்றிய பாக்கெட்டுக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். அந்த மாநில விற்பனை முழுவதும் கணக்கில் வரும்.

இந்தச் சட்டம் பொருள் விற்பவர்களுக்கு மட்டும்தான். சாஃப்ட்வேர் சேவை, கன்சல்டிங் செய்பவர்களுக்கு இது கிடையாது. விற்பனை வரிக்கும் பொருந்தாது. அங்கே, தெற்கு டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் என்ற ஆன்லைன் கடைக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மாநிலத்தில் காலே வைக்காவிட்டாலும் விற்பனை அளவை வைத்தே விற்பனை வரி வசூலிக்கும் பொறுப்பு வந்துவிடும். தெற்கு டகோட்டா வைத்த வரம்பு 1,00,000 டாலர்.

உங்கள் ஆள் வெளி மாநிலத்தில் ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். ரிட்டர்ன் போடாத வருடங்களுக்குப் பொதுவாகக் காலாவதி கிடையாது, மாநிலம் எத்தனை வருடமும் பின்னால் போகலாம். ஆனால் நீங்களாக முன்வந்து சொன்னால், பல மாநிலங்கள் பழைய வருடங்களில் சிலவற்றை மட்டும் கேட்டு அபராதத்தையும் தள்ளுபடி செய்கின்றன. மாநிலத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். அந்த வியாபாரிக்கு இன்னும் கடிதம் வரவில்லை, இப்படி முன்வந்து சொல்வதற்கான விண்ணப்பத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.